பஞ்சு வைக்காத புட்டி

இந்த மாதம் என் முறை.
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் ஆறு சாம்பல்நிறப் புத்தகங்கள்.
ஆறு பேரின் எடை, இருமல், கையெழுத்து.
ஆறு பேரும் மலையிறங்க வேண்டாம்,
ஒருத்தர் போனால் போதும் என்பது
நாங்களே போட்ட கணக்கு.
ஏழு பேராக இருந்தபோது போட்டது.

குதிரை ஞகல்லோவுடையது.
இரவல் தரும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்:
ஓடையில் அதை அவசரப்படுத்தாதே.

காலை ஏழு மணி, கிளினிக் பெஞ்சு.
போர்வை ஊக்கை மார்போடு இறுக்கிக்கொண்டு
எல்லோரும் எல்லோரையும்
பார்க்காததுபோல் பார்க்கிறோம்.

ஐந்து புத்தகங்களில் முத்திரை விழுந்தது.
ஆறாவதைத் திறந்த நர்ஸ் மாபுசெட்ஸா
பேனாவை மூடினாள்.
“போன மாதம் மொயெகெட்ஸி முறைதானே?”
ஆமாம். நான் வந்தேன்.
அவன் புட்டி என் வீட்டில்
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது,
மூடி திறக்காமல்.

தவறியவர்களுக்கென்று ஒரு நோட்டு உண்டு அவளிடம்.
சிவப்பு அட்டை.
ஒருகாலத்தில் என் பெயரும் அதில் எட்டு மாதம் கிடந்தது.
அவள் கை அதன்மேல் போய்
சும்மா இருந்தது.

“ஆடு மேய்க்கிறவரா?”
உச்சிக் குடிசையில். குளிர் விழும்வரை இறங்கமாட்டான்.
ஆடுகளும் அவனுடையவை இல்லை.
ஒன்று தொலைந்தால் இரண்டு மாதக் கூலி போச்சு.

“அப்படியென்றால் மூன்று மாதத்துக்குத் தருகிறேன்.
ஏன் வரவில்லை என்று கேட்காதே.
எப்போது சாப்பிடுகிறார் என்று கேள்.”

தலையணையைக் கிழித்து எடுத்த பஞ்சு
எப்போதும் என் பையில் இருக்கும்.
வருஷங்களுக்கு முன், மினி பஸ்ஸில்,
புட்டி குலுங்கிய சத்தத்துக்கு
பக்கத்தில் இருந்தவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு
வேறு இருக்கை தேடிப் போனாள்.
காலி இருக்கை இல்லை. நின்றுகொண்டே வந்தாள்,
மூன்று மணி நேரம்.
அன்றிலிருந்து பஞ்சு.

கிளினிக் பின்சுவரோரம் எல்லாப் புட்டியிலும் அடைத்தேன்.
குலுக்கிப் பார்த்தேன். பேச்சில்லை.
இப்படி ஊமையாக்கித்தான்
ஊரைக் கடந்து போகிறோம் நாங்கள்.

ஓடையில் அவசரப்படுத்தவில்லை.
வீட்டில் நின்று பழைய புட்டியையும் எடுத்துக்கொண்டேன்.
கடைசி வீடும் கீழே போன பிறகு,
புல்லும் கல்லும் காற்றும் மட்டுமான இடத்தில்,
என்ன தோன்றியதோ,
அவனுடைய நான்கு புட்டியிலிருந்தும்
பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன்.

குதிரை நடைக்கு அவை
கிலுக்… கிலுக்…
கூச்சமே இல்லாமல்.

முதலில் நாய் வந்தது. அப்புறம் கம்பு. அப்புறம் அவன்.
இளைத்திருந்தான்.
“எவன் ஆட்டு மணி வழிதவறி வருதோன்னு பார்த்தேன்” என்றான்.
உன் மணிதான் என்றேன்.

சிரிக்கவில்லை. கல்லில் உட்கார்ந்தான்.
இங்கே நேரம் தெரியாது என்றான்.
போன் செத்து மூன்று வாரம்.
வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புரட்டுகிறது.
ஒருநாள் விட்டேன், அப்புறம்
விட்டதற்கு வெட்கப்பட்டு மறுநாளும் விட்டேன்.

அந்த மறுநாளை எனக்குத் தெரியும்.
எட்டு மாத நீளம் அது. சொன்னேன்.
அவன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

எப்போது சாப்பிடுவாய்?
“பட்டி அடைத்ததும் களி கிண்டுவேன்.
நரி முதல் தடவை ஊளையிடும் நேரம்.”
அப்போதே போட்டுக்கொள்.
“நரி ஊளையிடாவிட்டால்?”
நீ ஊளையிடு.

அப்போதுதான் சிரித்தான்,
இருமலோடு சேர்த்து.
இருமலுக்காவது இறங்கி வந்து காட்டு என்றேன்.
பட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒருநாள்.
உனக்கு ஆடு எண்ணத் தெரியுமா என்றான்.
மாத்திரை எண்ணுகிறவளுக்கு ஆடு பெரிய விஷயமா?

இறங்கும்போது இருட்டிவிட்டது.
எங்கோ, அவன் பக்கமா வேறு பக்கமா தெரியவில்லை,
ஒரு நரி.
குதிரையை நிறுத்தினேன்.
விழுங்கியிருப்பான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.
என்னுடையதை எடுத்து
பஞ்சு விலக்கி
தண்ணீர் இல்லாமலே விழுங்கினேன்.

குதிரைக்குத்தான் பொறுமையில்லை.
தானாக நடக்க ஆரம்பித்தது.